கைத்தொலைபேசிக்கு முதல் ஒரு சூதாட்டப் பெட்டி இருந்தது

சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், மார்க்கற் வீதி 406ஆம் இலக்கத்தில் ஒரு காலத்தில் ஒரு பட்டறை இருந்தது. அங்கே செய்யப்பட்ட ஒரு பொருளைக் கலிபோர்ணியா மாநிலம் தன்னுடைய 937ஆவது வரலாற்றுச் சின்னமாகப் பதிந்து வைத்திருக்கிறது. பெரிய தலைவர் யாரும் பிறந்த இடமோ, சண்டை நடந்த இடமோ என்று நினைத்துவிடாதீர்கள். காசைப் போட்டுப் பிடியை இழுத்தால் மூன்று சக்கரங்கள் சுற்றி நிற்குமே, அந்தச் சூதாட்டப் பெட்டி பிறந்த இடம்.

செய்தவர் சார்ள்ஸ் ஃபே. பவேரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இயந்திரத் தொழிலாளி. எங்களைப் போல இன்னொரு வந்தேறுகுடி. அவர் செய்த 'லிபேர்ட்டி பெல்' பெட்டியில் ஐந்து சதக் குற்றியைப் போட்டுப் பிடியை இழுக்கவேண்டும். மூன்று மணிப் படங்களும் ஒரே வரிசையில் வந்து நின்றால் பத்துக் குற்றிகளைப் பெட்டியே கொட்டும். அந்தக் காலத்துப் பல பெட்டிகளில் வென்றால் மதுச்சாலைக்காரனிடம் போய்க் கேட்டுத்தான் பரிசு வாங்கவேண்டும். ஃபேயின் பெட்டியில் இடையில் மனிசரே இல்லை. இழு, பார், திரும்ப இழு. பெட்டியை அவர் விற்கவும் இல்லை. மதுச்சாலைகளில் வைத்துவிட்டு, விழுகிற காசில் பாதியை எடுத்துக்கொண்டார்.

1906ல் வந்த பூமியதிர்ச்சி அந்தப் பட்டறையை அழித்தது. 1909ல் சான் பிரான்சிஸ்கோ நகரமும் 1911ல் கலிபோர்ணியா மாநிலமும் இந்தப் பெட்டிகளைத் தடை செய்தன. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? இது சூதாட்டப் பெட்டி இல்லை, சூயிங்கம் விற்கிற பெட்டி என்று வேஷம் கட்டினார்கள். இன்றைக்கும் அந்தப் பெட்டிகளில் செரிப்பழமும் தோடம்பழமும் சுற்றுவது அந்த வேஷத்தின் மிச்சம்தான். அவை சூயிங்கத்தின் சுவைகள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நான் இந்த வளைகுடாவின் தெற்குப் பக்கத்தில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறேன். மத்தியானம் சாப்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் கழுத்தில் கம்பனி அட்டை தொங்கவிட்டவர்கள். நாங்கள் எல்லோரும் இரவு பகலாகத் தடவிக்கொண்டிருக்கிற திரைக்குள்ளே என்ன வரவேண்டும், எது முதலில் வரவேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை அவர்களில் பலருக்கு. அவர்களுக்குத் தோசை சுடுகிற வேலை எனக்கு. நான் வைத்தியனும் இல்லை, கணினி படித்தவனும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பையும் இடையில் விட்டுவிட்டு ஓடி வந்தவன். ஆனால் 'கைத்தொலைபேசிக்கு அடிமையாகாதீர்கள்' என்று வட்ஸ்அப்பிலேயே அறிவுரை அனுப்புகிற எங்கள் ஆட்களைப் பார்க்கும்போது ஒன்று சொல்லவேண்டும் போலிருக்கிறது. தமிழில் இந்த நோய்க்கு நாங்கள் வைத்திருக்கும் சொல்லே 'அடிமை'. அடிமை என்று ஒருவன் இருந்தால் எசமான் என்று ஒருவன் இருக்கத்தானே வேண்டும்? அறிவுரை சொல்கிறவர்கள் எல்லோரும் அடிமைக்குத்தான் புத்தி சொல்கிறார்கள். எசமானைப் பற்றிப் பேசுவதில்லை.

எசமானின் வரலாறு ஒரு புறாக்கூட்டில் தொடங்குகிறது என்று சொல்லலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களைப் பெட்டிக்குள் விட்டு, பொத்தானைக் கொத்தினால் தீனி விழும்படி வைத்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி விழுந்தால் புறா பசிக்குத்தான் கொத்தும். எப்போது விழும் என்று தெரியாதபடி, சிலவேளை மூன்றாம் கொத்துக்கு, சிலவேளை நூறாம் கொத்துக்கு என்று மாற்றி வைத்தால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தீனியை நிற்பாட்டிய பிறகும் நெடுநேரம் கொத்தும். 1957ல் பேர்ஸ்ரர் என்பவரோடு சேர்ந்து இதை ஒரு பெரிய புத்தகமாகவே போட்டார். சூதாட்டப் பெட்டி வேலை செய்வதும் இதே விதியில்தான் என்று சொன்னவரும் அவரேதான்.

நெவாடா மாநிலம் 1931ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பக்கத்து மாநிலம் துரத்திய பெட்டிகளுக்கு அங்கே வாழ்வு வந்தது. 1984ல் இங்கே ரெல்னஸ் என்பவருக்குக் கிடைத்த காப்புரிமையோடு சக்கரத்தின் இடத்துக்குக் கணினி வந்தது. கண்ணுக்குத் தெரியும் சக்கரம் ஒன்று, முடிவைத் தீர்மானிக்கும் கணக்கு வேறொன்று. 'மயிரிழையில் தப்பிப்போச்சு' என்று ஆடுகிறவன் நினைக்கும்படி, பரிசுப் படம் வரிசைக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ வந்து நிற்கும் தடவைகளை வேண்டியளவு கூட்டலாம். லாஸ் வேகாஸ் ஆட்களைப் பல வருடம் ஆராய்ந்து நற்றாஷா டவ் ஷூல் என்ற மானுடவியலாளர் 2012ல் ஒரு புத்தகம் எழுதினார். இந்தப் பெட்டிகளின் முன்னால் மணிக்கணக்கில் இருக்கும் ஆட்கள் வெல்வதற்காக இருக்கவில்லை என்பது அவர் கண்டது. விளையாட்டு நிற்காமல் இருந்தால் போதும் அவர்களுக்கு. வீடு, கடன், நாரிநோ, எல்லாம் மறந்துபோகிற அந்த நிலைக்காகத்தான் இருக்கிறார்கள். வென்றால் சிலருக்கு எரிச்சல்கூட வருமாம், ஆட்டம் தடைப்படுகிறதே என்று! இரவு ஒரு மணிக்குக் கட்டிலில் கிடந்து திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிற ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்த முகத்தில் சந்தோசம் இருக்காது.

இனித் திரும்ப வளைகுடாவுக்கு வருவோம். மார்க்கற் வீதியிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணித்தியாலம் வந்தால் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம். 1998ல் அங்கே பி. ஜே. ஃபொக் என்பவர் ஒரு ஆய்வுகூடம் தொடங்கினார். கணினியை வைத்து மனிதர்களின் நடத்தையை எப்படி மாற்றலாம் என்பதுதான் ஆய்வு. (இந்தச் சக்தி தவறாகவும் பயன்படும் என்று அவரே தொடக்கத்திலிருந்து எச்சரித்துத்தான் வந்தார், அதையும் சொல்லவேண்டும்.) 2007 இலையுதிர்காலத்தில் அவர் ஒரு வகுப்பு எடுத்தார். 75 மாணவர்கள். பேஸ்புக்கில் ஓடக்கூடிய சின்னச் சின்னச் செயலிகளைச் செய்வதுதான் வீட்டுவேலை. பத்துக் கிழமைகளில் அந்தச் செயலிகளுக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் பாவனையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். இன்ஸ்ரகிராமைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மைக் கிரீகரும் ஃபொக்கின் மாணவர்தான்.

இதற்கு ஒரு வருடம் முதல், 2006ல், ஏஸா ராஸ்கின் என்ற இளைஞர் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்தார். அப்பிள் கம்பனியில் மக்கின்ரொஷ் கணினித் திட்டத்தைத் தொடக்கிய ஜெஃப் ராஸ்கினின் மகன் இவர். அதுவரை இணையப் பக்கங்களுக்கு அடி இருந்தது. கீழே வந்தால் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான். ராஸ்கின் அந்தப் பொத்தானை இல்லாமல் செய்தார். கீழே போகப் போக அடுத்தது தானாகவே வந்துகொண்டிருக்கும். வாசிக்கிறவருக்கு ஒரு கரைச்சல் குறையட்டும் என்றுதான் செய்தார். பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தார்.

என்னைக் கேட்டால் இந்த முழுக்கதையிலும் பெரிய விடயம் இதுதான். எங்கள் ஊர்ப் பந்தியில் இலையை மடித்தால் போதும் என்று அர்த்தம். இலையை மடித்தவருக்கு மேல் எந்தப் பெரிய உபசாரியும் ஒரு கரண்டி சோறு போடமாட்டார். ராஸ்கின் எடுத்துவிட்டது அந்த மடிக்கிற இலையை. சாப்பிட்டு முடியும் இடம் என்று ஒன்று இல்லாவிட்டால் வயிறு நிறைந்ததா என்று கேட்பதற்கும் ஒரு இடம் இல்லாமல் போகிறது. 2012ல் நெற்பிளிக்ஸ் அடுத்த பாகத்தைத் தானாக ஓடவிடத் தொடங்கியதும் இதே வேலைதான். 2017ல் அந்தக் கம்பனியின் தலைவர் ரீட் ஹேஸ்ரிங்ஸ் தங்களுடைய போட்டியாளர் நித்திரை என்றே சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் இரவு பதினொன்றரைக்குக் குசினியைக் கழுவிப் பூட்டிவிட்டு, காலையில் பத்து மணிக்குத் திரும்ப நிற்கவேண்டியவனுக்கு அது பகிடியாகத் தெரியாது. அவனிடம் இருப்பதே அந்த நித்திரை மட்டும்தான்.

பிறகு வந்தது பிடி. ஃபேயின் பெட்டியில் இருந்த அதே பிடி! லோரன் பிரிச்சர் என்பவர் ருவீற்றி என்ற செயலிக்காக, திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதியது வரும் என்ற ஏற்பாட்டைச் செய்தார். இழுக்கிறீர்கள், ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது, ஏதாவது வரலாம், வராமலும் விடலாம். 2010ல் ருவிற்றர் அந்தச் செயலியை வாங்கியது. பிற்பாடு எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். வேகாஸ் பெட்டிகளில் பிடி மறைந்து பொத்தான் வந்துவிட்ட காலத்தில், பிடி எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

2009ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது என்னால் வேறு மாதிரி எழுதமுடியாது. அந்த வருடம் பெப்ரவரி 9ல் பேஸ்புக் 'விருப்பம்' பொத்தானை வெளியிட்டது. அப்போது அந்தக் கம்பனி இருந்தது இங்கே பாலோ அல்ரோவில். அதே பெப்ரவரித் தொடக்கத்தில்தான் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்தன. வன்னியில் இருந்த எங்கள் சனத்தின் செய்தி எப்போது வரும், யாருடைய பெயர் வரும் என்று தெரியாது. வேலை முடிந்து வந்தவர்கள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எஃப்5 விசையை அமத்திக்கொண்டிருந்தோம். ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் அதே வேலை. தமிழ்நெற், அது முடிந்தால் இன்னொன்று, பிறகு திரும்பத் தமிழ்நெற். மே 18க்குப் பிறகும் விரல் நிற்கவில்லை. ஸ்கின்னரின் புறா தீனி நின்ற பிறகும் கொத்தியது என்று வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது ஆய்வுகூடம் அல்ல, அந்த வைகாசி மாதம். அது முடிந்து சரியாக ஒரு மாதத்தில், யூன் 17ல், ஐபோனுக்கு வந்த புதிய மென்பொருளோடு, செயலி மூடியிருந்தாலும் தானே கூப்பிட்டுச் செய்தி சொல்லும் ஏற்பாடு வந்தது. இனி எஃப்5 தேவையில்லை. நாங்கள் போய்ப் பார்த்த காலம் முடிந்து, அது வந்து எங்களைக் கூப்பிடும் காலம் தொடங்கியது.

செய்திக்காக ஏங்குவது அகதிக்குப் புதிதல்ல. 1990ல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது எனக்குப் பதினொரு பன்னிரண்டு வயது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ பேசும். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சுற்றுகிற வேலை பெரும்பாலும் எனக்குத்தான். கை உளைந்து வேகம் குறைந்தால் ஆனந்தி அக்காவின் குரல் மெலிந்துகொண்டு போகும். "சுத்தடா, சுத்தடா" என்று ஐயா கத்துவார். பக்கத்து வீட்டு ஆட்களும் வேலியைத் தாண்டி வந்து திண்ணையில் இருப்பார்கள். அரை மணித்தியாலம்தான். முடிந்தால் முடிந்ததுதான். பிறகு சைக்கிளை நிமிர்த்தி வைத்துவிட்டு, சொன்னது உண்மையோ, என்ன நடக்கும் என்று ஆளுக்காள் கதைப்பார்கள். எங்களுக்குச் செய்தியின் பசி அப்போதும் இதே அளவுதான் இருந்தது, உயிர்ப்பயம் இன்னும் கூட இருந்தது. ஆனால் ஒன்பதேமுக்காலுக்கு ஒரு முடிவு இருந்தது. அதோடு, ஒரு நிமிடச் செய்திக்கு ஒரு நிமிடம் கை சுற்றவேண்டியிருந்தது. 1941ல் தொடங்கிய அந்தத் தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30ல் நின்றுபோனது.

அதே 2017 நவம்பரில்தான் ஒரு எங்கள் தீவுக்காரர் வாயைத் திறந்தார். சமத் பலிகப்பிட்டிய. 1976ல் இலங்கையில் பிறந்தவர். தகப்பன் ஒட்டாவாவில் இலங்கைத் தூதரகத்தில் வேலை பார்த்தவர், பிறகு திரும்பிப் போகப் பயந்து கனடாவில் அகதித் தஞ்சம் கேட்டவர். மகன் பள்ளிக்கூட வயதில் பேர்கர் கிங்கில் நின்று வீட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறார். (சிங்களவர், தமிழர் என்ற கதையை இந்த இடத்தில் விடுங்கள். பேர்கர் கிங்கின் எண்ணெய்ச் சட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.) 2007ல் பேஸ்புக்கில் சேர்ந்து, ஆட்களை எப்படிக் கூட்டுவது, கூட்டியவர்களை எப்படித் திரும்பத் திரும்ப வரவைப்பது என்ற பகுதிக்குத் தலைவராக இருந்தார். 2011ல் வெளியேறியபோது பெரிய பணக்காரர். ஸ்ரான்போர்ட் வணிகப் பள்ளி மேடையில் இருந்துகொண்டு அவர் சொன்னதன் சாரம் இது: தனக்குப் பெரிய குற்றவுணர்ச்சி இருக்கிறது, டோபமினைக் கொண்டு ஓட்டப்படும் இந்தச் சுழற்சிகள் சமூகத்தின் அடிப்படையையே அரிக்கின்றன, தன் பிள்ளைகளுக்கு இதைப் பாவிக்க அனுமதி இல்லை. பேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷோன் பார்க்கரும் அதே மாதம், மனித உளவியலின் ஒரு பலவீனத்தைத் தெரிந்துகொண்டேதான் பயன்படுத்தினோம் என்று சொன்னார். சமத் அடுத்த மாதமே பேச்சைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார், பேஸ்புக் உலகத்துக்கு நல்லதுதான் செய்கிறது என்று. எனக்கு அவரில் கோபமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் விடயம் மட்டும் மனதில் நிற்கிறது.

ஏனென்றால் இது அவர் ஒருவருடைய கதை அல்ல. ஐபேட் வெளிவந்த 2010ல் உங்கள் பிள்ளைகளுக்கு அது விருப்பமா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, ஸ்ரீவ் ஜொப்ஸ் அவர்கள் அதைப் பாவிக்கவில்லை, வீட்டில் எவ்வளவு பாவிக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறோம் என்று பதில் சொன்னார். லொஸ் அல்ரோஸ் என்ற ஊரில் ஒரு வோல்டோர்ஃப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கரும்பலகை, சோக்கட்டி, பின்னல் ஊசி. வகுப்பில் கணினி கிடையாது. அங்கே பிள்ளைகளை விடுகிறவர்களில் பெரும்பங்கு கூகிள், அப்பிள் போன்ற கம்பனி ஆட்கள் என்று 2011ல் நியூயோர்க் ரைம்ஸ் எழுதி ஊரெல்லாம் அதிசயப்பட்டது. குசினியில் நிற்கிற எங்களுக்கு அதில் அதிசயம் இல்லை. கடை எண்ணெயில் என்ன இருக்கிறது என்று தெரிந்த சமையல்காரன் தன் பிள்ளைக்கு வீட்டில்தான் சமைத்துக் கொடுப்பான்.

எங்கள் பிள்ளைகளின் நிலை வேறு. தாயும் தகப்பனும் இரண்டு வேலை. வீட்டுக்கு வரும்வரை பிள்ளையைப் பார்ப்பது அந்தத் திரைதான். அதைக் குறை சொல்ல நான் யார்? எங்களுக்கும் அது விளையாட்டுப் பொருள் மட்டும் அல்ல. என் அம்மா வடமராட்சியில் இருக்கிறா. கிழமைக்கு என்ன வேலை நேரம் என்று முதலாளி அனுப்புவது வட்ஸ்அப்பில். வழக்கறிஞர் கூப்பிடுவது அதில். குசினிச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிற பலகைத் திரைகள் ஓடர் வந்தால் 'கீங், கீங்' என்று கத்தும், அமத்தும்வரை நிற்காது. அறிவிப்புகளை நிற்பாட்டுங்கள் என்று மேடையில் சொல்கிறவர்கள் அந்த வேலையை ஒருநாள் வந்து செய்து பார்க்கட்டும்.

தமிழ்நாட்டின் கதை இன்னும் கசப்பானது. அங்கே சூதாட்டப் பெட்டி வேஷம் போடாமலே கைத்தொலைபேசிக்குள் வந்தது. ஓன்லைன் ரம்மியில் காசைத் தொலைத்துக் கடன்பட்டுத் தற்கொலை செய்தவர்களின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டத்தால் தடை செய்தது. அதை வழிமொழிந்த சட்டத்தை 2021 ஓகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு, பிறகு இன்னொரு சட்டம். ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, சட்டசபை இரண்டாம் முறை நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் கையெழுத்து விழுந்தது. அதே வருடம் நவம்பரில் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அவற்றை மட்டும் தடைக்கு வெளியே எடுத்தது. சூயிங்கப் பெட்டியின் அதே வாதம் என்று எனக்குப் பட்டது. 2025ல் தமிழ்நாடு வேறு வழியால் வந்தது: இரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்துவரை காசு வைத்து விளையாட முடியாது என்று விதி. கம்பனிகள் வழக்குப் போட்டன, யூனில் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே முழுதாகத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

முழுத் தடையைவிட எனக்குப் பிடித்தது அந்த ஐந்து மணித்தியாலம். தென்கொரியாவும் 2011லிருந்து பத்து வருடம், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நள்ளிரவிலிருந்து ஆறு மணிவரை இணைய விளையாட்டை மூடி வைத்துப் பார்த்தது. பிறகு அதைக் கைவிட்டது. பிள்ளைகள் பெற்றோரின் பெயரில் புகுந்ததும், விளையாட்டு கணினியை விட்டுக் கைத்தொலைபேசிக்கு மாறியதும் காரணங்கள். சரி. ஆனாலும் நித்திரை நேரத்துக்கு ஒரு கதவு வேண்டும் என்ற யோசனை பிழை என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசாங்கம் மூடட்டும் என்று சொல்லும்போது எனக்கு வாய் கொஞ்சம் தடுமாறுகிறது. நான் வந்த நாட்டில் அரசாங்கம் மூடுவது எப்படி இருக்கும் என்று தெரியும். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் இலங்கை அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அடைத்தது. வெறுப்புப் பேச்சு பரவியது உண்மை, அதை அந்தக் கம்பனி காலம் கடத்திக் கவனித்ததும் உண்மை. ஆனால் அடைக்கிற கைபிடி அரசின் கையில் இருந்தால் அது எப்போது யாருக்கு அடைபடும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனத்தின் வாயை மூடுவது வேறு, இயந்திரத்தின் பிடியைக் கழற்றுவது வேறு.

அமெரிக்காவில் இப்போது நடப்பது இரண்டாவது வகை. 2023 ஒக்ரோபர் 24ல் 41 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்ரனும் மெற்றா கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. அவற்றில் 33 சேர்ந்து போட்ட வழக்கு வந்து சேர்ந்தது இங்கே, வடக்குக் கலிபோர்ணியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு. முடிவில்லாமல் ஓடும் பக்கம், விருப்பப் பொத்தான், இடைவிடாத அறிவிப்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் விடமுடியாதபடி தெரிந்தே செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பனி மறுக்கிறது. சிகரெற் பெட்டியில் இருப்பதுபோல் எச்சரிக்கை போடவேண்டும் என்று அப்போதைய தலைமை வைத்தியர் விவேக் மூர்த்தி 2024 யூனில் எழுதினார். ஒன்றைச் சரியாகச் சொல்லவேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் டிஜிட்டல் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, அது 2022லிருந்து நடைமுறையில் உள்ளது. சமூக வலைத்தள அடிமைத்தனம் என்று தனி நோய் அதில் இல்லை. வைத்தியர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. அதனால் உங்கள் மகனைப் பார்த்து 'நோயாளி' என்று சொல்லாதீர்கள். அவனுடைய கையில் இருப்பதைப் பாருங்கள்.

வழக்கு முடியும்வரை சும்மா இருக்கவும் ஏலாது. என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு, எங்கள் வட்டாரத்தில் ஆட்கள் செய்வதில் பலித்ததை மட்டும் சொல்கிறேன். மனக்கட்டுப்பாட்டை நம்பிச் செய்த எதுவும் நின்றுபிடித்ததை நான் காணவில்லை. இடத்தையும் நேரத்தையும் மாற்றியவைதான் நின்றன. எங்கள் கடையில் இரவுச் சாப்பாட்டு நேரம் தொடங்குமுன் எல்லோருடைய தொலைபேசியும் ஒரு வெறும் நெய்த் தகரத்துக்குள் போகும். பெரிய சமையல்காரருடையதும். எடுக்கவேண்டுமென்றால் ஐந்து பேர் பார்க்க மூடியைத் திறக்கவேண்டும், தகரமும் நல்லாகச் சத்தம் போடும். அலாரத்துக்கென்று தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்த ஒரு பெடியனுக்கு ஒருவர் பத்து டொலருக்கு மணிக்கூடு வாங்கிக் கொடுத்தார். தொலைபேசி குசினி மேசைக்குப் போனது, பெடியன் இப்போது நேரத்துக்கு வருகிறான். பேஸ்புக் செயலியை அழித்துவிட்டு, வேண்டுமென்றால் உலாவியில் கடவுச்சொல் தட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தட்டுகிற நேரத்தில் பாதித் தரம் மனம் மாறிவிடுமாம். சைக்கிள் பெடல்தான் அது, வேறொன்றுமில்லை. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கலாம், 2018லிருந்து அப்பிளும் கூகிளும் போட்டிருக்கிற நேரக் கணக்கைப் பார்க்கலாம். பொய்யில்லை, அவையும் கொஞ்சம் உதவும். ஆனால் வேலி போட்டுத் தந்தவனே பொட்டும் வைத்துத் தந்திருக்கிறான். அப்பிளுடையதில் 'இன்னும் பதினைந்து நிமிடம்' என்று ஒரு பொத்தான் இருக்கும்.

குடும்பக் குழுவுக்கு ரொறன்ரோவில் இருக்கிற என் அக்கா ஒரு ஒழுங்கு கொண்டுவந்தா. ஊர்ச் செய்தி, பகிடி, பிறந்தநாள் எல்லாம் ஒரு குழு, அதற்கு மணிச்சத்தம் கிடையாது. அவசரத்துக்கு வேறொரு குழு, அதில் யாராவது பூப்படம் போட்டால் அக்காவின் வாயால் நல்ல பூசை விழும். முதல் மாதம் மூன்று பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள், இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அம்மா எந்தக் குழுவிலும் இல்லை. அவவுக்கு நான் இங்கே இரவு வேலை முடிந்து எடுப்பேன். அங்கே மத்தியானம். வெயில், முருங்கை, பக்கத்து வீட்டுக் கலியாணம், எல்லாம் சொல்லுவா. அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்கும். "சரி மோனை, வைக்கிறன்" என்று சொல்லி நான் பதில் சொல்லமுதல் வைத்துவிடுவா.

கலிபோர்ணியாவில் 2024ல் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 யூலை 1க்குள் ஒவ்வொரு பாடசாலை மாவட்டமும் வகுப்பில் கைத்தொலைபேசியைக் கட்டுப்படுத்தும் விதிகளை எழுதவேண்டும். பிள்ளைகள் இங்கே படிக்கிறவர்கள் உங்கள் மாவட்டம் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பாடசாலைச் சபைக் கூட்டங்கள் பின்னேரங்களில் நடக்கும். யாரும் போகலாம், கையை உயர்த்திப் பேசலாம், ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் முன்கூட்டிக் கேட்டால் மொழிபெயர்ப்புக்கு ஒழுங்கு செய்கிற மாவட்டங்களும் உண்டு.